சத்தம் இல்லாத விளம்பரங்கள்

மாமியார் பாலில் எதையோ கலக்கினாள், மருமகள் டம்ளரை வாங்கினாள், உதட்டருகே கொண்டுபோனாள், அத்தோடு நாடகம் நின்று விளம்பரம் வந்துவிட்டது. நஞ்சப்பனின் கட்டைவிரல் தானாகவே ரிமோட்டின் மேல் ஏறியது. இருபது வருஷமாகப் பழகிய விரல். சத்தத்தை அடைக்கும் பித்தானைத் தேட அதற்குக் கண் தேவையில்லை. அந்த இடத்தில் குறியெல்லாம் தேய்ந்து ரப்பர் வழுவழுவென்று ஆகியிருந்தது. அமுக்கப் போன விரலை அவர் நிறுத்திக்கொண்டார். நகைக்கடை விளம்பரம் அறைக்குள் புகுந்தது. நாகஸ்வரம், தவில், ஒரு பெண்ணின் சிரிப்பு, அதன் மேல் ஏறி நிற்கும் ஓர் ஆண்குரல், இந்த வாரம் மட்டும், இந்த வாரம் மட்டும் என்று. நாடகத்தைவிட விளம்பரத்துக்குச் சத்தம் கூட வைக்கிறான், அடுப்படியில் நிற்கிறவள் காதிலும் விழட்டும் என்று. இதை அவர் எத்தனை தெருமுனைகளில் சொல்லியிருக்கிறார். சொன்னாரே தவிர, சொந்த வீட்டில் உட்கார்ந்து கேட்டதில்லை. இப்போது கேட்கையில் உடம்பு கூசியது. சட்டையில்லாமல் படுத்திருக்கும்போது யாரோ கதவைத் தட்டாமல் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுபோல இருந்தது. மனைவி மயிலாத்தாளைப் பார்த்தார். ஜன்னலோரம், வலது கையைத் தலையணைமேல் கிடத்தியபடி, வாய் ஒரு பக்கம் லேசாக இறங்கியிருக்க, அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகைக்கடைக்கு அவள் உதடு அசையவில்லை. அசையவில்லை என்றதும் அவருக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைக் கண்டு உடனே பயம் வந்தது. அசைய வேண்டும் என்றுதானே இந்த மத்தியான வேளையில் இதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். பிறகு எதற்கு நிம்மதி. யாருக்கு நிம்மதி.

நேற்று அவர் மருந்துக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது எதிர்வீட்டுக் கோகிலா மாடிப்படியிலேயே நின்றிருந்தாள். அவர் வெளியே போகும் நேரமெல்லாம் மயிலாத்தாளுக்குத் துணை இருப்பவள் அவள்தான். ஏனுங்ணா, அக்கா பாடுனாங்க, என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. பாடினாளா. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து, இடது பக்கம், பேச்சு இருக்கிற இடம் என்று டாக்டர் தன் மண்டையையே தொட்டுக் காட்டிய நாளிலிருந்து மயிலாத்தாளின் வாயில் 'த' என்ற ஒலியைத் தவிர வேறெதுவும் வந்ததில்லை. தண்ணீருக்கும் த, மின்விசிறிக்கும் த, வலிக்கும் த, அவரைக் கூப்பிடவும் த. நாம் பேசுவது அவளுக்குப் புரிகிறது, அவளுக்கு வேண்டியதும் அவளுக்குத் தெரிகிறது, வாசலில்தான் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படிப்பட்டவள் என்ன பாடினாள் என்று கேட்டார். கோகிலா கொஞ்சம் தயங்கினாள். அவருடைய குணம் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். வெண்முத்து சோப்பு விளம்பரமுங்ணா, டிவில வந்துது, அதுகூடவே முழுசாப் பாடிட்டாங்க, என்றாள். நஞ்சப்பன் நம்பவில்லை. நீயாக ஏதாவது நினைத்துக்கொண்டிருப்பாய் என்றார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை; நாளைக்கு ரெண்டு மணி நாடகத்துல வருமுங்க, நீங்களே உக்காந்து கேளுங்க, என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இரவு முழுக்க அவருக்கு அந்த ஒரு விஷயம் குத்திக்கொண்டே இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம், ஆனால் குத்தியது. இந்த வீட்டில் அந்த விளம்பரத்தின் சத்தமே கேட்டதில்லையே. படம் ஓடியிருக்கும், கொடியில் துணி ஆடியிருக்கும், பிள்ளைகள் வாயைத் திறந்து மூடியிருக்கும், அவ்வளவுதான். கேட்காத பாட்டை ஒருத்தி எப்படிப் பாடுவாள்.

பாட்டைப் பிடியுங்கள் என்று முதலில் சொன்னது பெனசீர், பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரத்துக்கு ஒரு தடவை வருகிற பெண். பேச்சு வருகிற வழி அடைபட்டாலும் சில பேருக்குப் பாட்டு வருகிற வழி திறந்திருக்கும், யோசிக்காமல் வாயில் வருவது எதுவோ அதைத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்துங்கள், மீதியை அவர்கள் முடிப்பார்கள், ஒரு சொல் வெளியே வந்தால் அதன் பின்னாலேயே இன்னொன்று வரும் என்றாள். சாமி பாட்டு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். இந்த வீட்டில் சாமி பாட்டு கிடையாது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முழக்கம் ஆகுமா என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அதுவும் பாட்டு மாதிரித்தானுங்களே, போடுங்க, என்றாள். அன்றைக்கு அவர் நெஞ்சு நிமிர்ந்து தூங்கினார். இவருக்கு இல்லாத முழக்கமா. மில்லில் நூற்புக் கதிர்கள் சுழலும் ரிங் பிரேம் எந்திரத்தில் நின்ற காலத்திலிருந்து, சிங்காநல்லூரில் எந்த மில் வாசலில் போராட்டம் என்றாலும் முழக்கம் எடுத்துக் கொடுக்க நஞ்சப்பனைக் கூப்பிடு என்றுதான் ஆள் வரும். எட்டாவதோடு நின்ற படிப்பு. மீதிப் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரம்; பூமிக்கு வயது எவ்வளவு என்பதும் கூலி எங்கே திருடப்படுகிறது என்பதும் கிரகணம் ஏன் பிடிக்கிறது என்பதும் மட்டக் காகிதத்தில் மை ஒட்டி வந்துதான் அவருக்குத் தெரிந்தது. நூல் சுற்றும் ரீலிங் பெண்கள் போனஸ் கேட்டு உட்கார்ந்தபோது அவர் கட்டிய முழக்கம், ஓடுது ஓடுது கதிர் ஓடுது என்று இவர் எடுத்துக் கொடுக்க, வாடுது வாடுது வயிறு வாடுது என்று வாசலே திருப்பிச் சொல்லும். அந்தப் பெண்களில் மயிலாத்தாளும் ஒருத்தி. வெயிலில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, இரண்டாவது வரிசையில். அந்த முழக்கத்தைத்தான் தினமும் காலையிலும் சாயந்திரமும் அவள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து சொன்னார். ஓடுது ஓடுது கதிர் ஓடுது. நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறவனை ஜன்னலோரம் இருப்பவர்கள் பார்ப்பார்களே, அப்படி அவரைப் பார்த்தாள். வாடுது வரவே இல்லை. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தும் சத்தம்தான் வந்தது. ஆயிரம் பேர் வாயில் இருந்தது, கட்டிக்கொண்டவளின் வாயில் இல்லை. இருந்து போனதா, இருக்கவே இல்லையா. இரண்டாவது வரிசையில் அவள் உதடு அசைந்ததா. அவர் வண்டிமேல் நின்று கூட்டத்தைப் பார்த்தார், கூட்டம் தெரிந்தது. அவளைத் தனியாகப் பார்த்த ஞாபகமில்லை.

நாடகம் மறுபடியும் தொடங்கியிருந்தது. மருமகள் கையிலிருந்து டம்ளர் விழுந்தது, விழுந்ததையே மூன்று தடவை காட்டினார்கள். காட்டட்டும். நஞ்சப்பன் தன் பிரசுரத்தை நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வீடு பெட்டி வந்த புதிதில், பெட்டிக்குள் ஒரு வியாபாரி என்று தலைப்புப் போட்டு, நாலு பக்கம், ரோஸ் காகிதம், அச்சகத்தில் இவரே பக்கத்தில் நின்று எழுத்துக் கோக்க வைத்தார். விளம்பரம் வந்தால் சத்தத்தை அடை. அடைக்க முடியாவிட்டால் முகத்தைத் திருப்பு. திருப்ப முடியாவிட்டால் வாய்விட்டுக் கேள்வி கேள், விற்கிறவன் யார், வாங்கிக் கெடுகிறவன் யார், அந்தக் குழந்தை சிரிப்பதற்குக் கூலி வாங்கினது யார். பார்த்த பொருளைப் பார்த்த வாரத்தில் வாங்காதே. நிலத்தை வேலி போட்டுக் காப்பாற்றுகிறோம், மனசைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குகிறோம் என்று கடைசி வரி. நல்ல வரி. இன்றைக்கும் நல்ல வரிதான். யார் படித்தார்கள். மில் போனது, மில் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் வந்தது, கூட நின்று தடியடி பட்டவன் மனை விற்கிறான், அவன் மகன் கல்யாணத்தில் ஓர் இளவட்டத் தோழர் பத்துப் பேருக்கு முன்னால், என்ன தோழர், இன்னும் மியூட்லதான் டிவி பாக்கறீங்களா, என்று கேட்டார். நீ சத்தம் வெச்சுப் பாத்துட்டு மியூட்டா இருக்கறே, அதுக்கு இது தேவலை, என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டார்கள். பரவாயில்லை. ஊரெல்லாம் விட்டுக்கொடுத்தாலும் ஒரு வீட்டை விட்டுக்கொடுக்கவில்லை என்று இருந்தது. செய்திக்காக என்று பெட்டி வாங்கினார், எதிரியின் வாயைப் பார்க்க வேண்டும் என்று. விளம்பரம் வரும், அடைப்பார், ஊமைப் படம் ஓடும் அந்த இரண்டு மூன்று நிமிஷத்தில் மயிலாத்தாளுக்கு விளக்குவார், பார், அவள் முகத்தை வெள்ளையாக்குகிறேன் என்று சொல்கிறவன் முதலில் அவள் முகம் கறுப்பு என்று அவளை நம்ப வைக்கிறான். அவள் உம் கொட்டுவாள். கீரை ஆய்வாள். சில நாள் எழுந்து போய்த் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு வருவாள். ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசினதில்லை. எதிர்த்துப் பேசாததை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மில் நிர்வாகம் எங்கள் மௌனத்தை அப்படி எடுத்துக்கொண்டபோது என்ன பேச்சுப் பேசினோம்.

இரண்டாவது இடைவேளை வந்தது. தலைக்கு எண்ணெய், அப்புறம் ஒரு கார், அப்புறம் வீடு, வாசலில் கோலம், இவ்வளவு சுத்தமான குடும்பம் எந்த ஊரில் இருக்கிறது. அப்புறம் நீல வானம், ஒரு நீளக் கொடி, கொடி நிறைய வெள்ளைத் துணி. மயிலாத்தாளின் இடது கை விரல்கள் நாற்காலிக் கையில் தட்டத் தொடங்கின. அதைத்தான் அவர் முதலில் பார்த்தார். பிறகு வாய் திறந்தது. "அலச அலச வெளுக்குது, அம்மா முகமும் சிரிக்குது, வெண்முத்து, வெண்முத்து, நம்ம வீட்டு வெண்முத்து" என்று அவள் பாடினாள். த இல்லை, இழுவை இல்லை, கோணல் இல்லை. ஒவ்வொரு சொல்லும் தேய்த்துக் கழுவி வைத்த பாத்திரம் மாதிரி முழுசாக வந்தது. சுருதி பிசகவில்லை. கடைசி வரியைப் பிள்ளைகள் இழுக்கிற இடத்தில் அவளும் இழுத்தாள், ஒரு சின்னக் குழைவு கொடுத்து முடித்தாள். நஞ்சப்பனுக்கு முழங்கையிலிருந்து மயிர் சிலிர்த்துக்கொண்டு வந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் குரல். இல்லை, இது அந்தக் குரலும் இல்லை. சாப்பிட வாங்க, மழை வருது, கரண்ட் போச்சு என்று சொல்கிற குரல்தான் அவருக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் அவள் பாடி அவர் கேட்டதே இல்லை. பாடுவாள் என்பதே தெரியாது. அதற்குள் அவருக்குள் கோபம் எழுந்து நின்றது, பழைய நாய் ஆளரவம் கேட்டு எழுந்து நிற்பதுபோல. அம்மா முகமும் சிரிக்குதாம். எந்த அம்மா துவைக்கும்போது சிரித்தாள். மில்லில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, இவருடைய வெள்ளைச் சட்டையைக் கல்லில் அடித்து, விரலிடுக்கெல்லாம் சவுக்காரத்தில் வெடித்து, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பாள். அவள் வாயாலேயே சிரிக்குது என்று பாட வைத்துவிட்டானே. அதுவும் அந்த வெண்முத்து இந்த வீட்டுக்குள் ஒரு நாளும் வந்ததில்லை. கூட்டுறவுக் கடையில் வாங்கும் பேரில்லாத மஞ்சள் கட்டி சோப்புதான். அவள் சொன்னபடி கேட்டாள், வாங்கவில்லை. சோப்பை வாசலில் நிறுத்திவிட்டார். பாட்டு அவரைத் தாண்டி எப்போது உள்ளே வந்தது.

எப்போது என்று நேற்றே தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் தொடாமல் ஒரு பகலும் ஓர் இரவும் சுற்றி வந்தார், அவ்வளவுதான். நேற்று தன் வீட்டுக் கதவைச் சாத்தப் போன கோகிலா திரும்பி நின்று, குற்றம் சொல்கிற குரலில் இல்லை, ஏதோ செல்லக் குறும்பைச் சொல்வதுபோலச் சொன்னாள்: "அக்காளுக்கு எல்லா விளம்பரமும் மனப்பாடமுங்ணா. நீங்க கூட்டத்துக்குப் போனதும் சத்தம் வெச்சுக்குவாங்க. படியில உங்க செருப்புச் சத்தம் கேட்டா டப்புன்னு அமுத்திருவாங்க." படியில் செருப்புச் சத்தம். அவருக்குத் தன் நடை தெரியும், குதிகாலை அழுத்தி வைக்கிற நடை, காவல் நிலையத்துக்குள்ளும் அப்படித்தான் நடந்து போனார். அந்த நடை கீழே முதல் படியில் கேட்டதும் மேலே ஒருத்தி ரிமோட்டைத் தேடியிருக்கிறாள். பித்தான் தேய்ந்தது ஒரு விரலால் இல்லை, இரண்டு பேர் விரலால். உள்ளே வருவார், ஊமைப் படம் ஓடிக்கொண்டிருக்கும், அவருக்கு உள்ளம் குளிரும், நம் பேச்சு ஓர் இடத்திலாவது முளைத்திருக்கிறது என்று. சோறு போடட்டுங்களா என்று அவள் எழுந்திருப்பாள். மில் வாசல் கூட்டம், கிளைக்கூட்டம், வாசகர் வட்டம், சிறை நிரப்பும் போராட்டம், இரங்கல் கூட்டம். எத்தனை சாயந்திரம். மகளைத் திருப்பூருக்குக் கட்டிக்கொடுத்த பிறகு அந்தச் சாயந்திரங்களில் இந்த அறையில் மனுஷக் குரல் என்று எது இருந்தது. அம்மா என்று கூப்பிட ஒரு குழந்தை, அதுவும் கூலிக்கு நடித்த குழந்தை, ஆனால் கூப்பிட்டது. நம்ம வீட்டு என்று பாட நாலு பேர். அவள் பாடியிருக்கிறாள், விரலால் தட்டிக்கொண்டு, கீரையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் அந்தப் பெட்டி வியாபாரி தவறாமல் வந்தான். நஞ்சப்பனுக்கு அந்த வித்தை தெரியாததா. முதல் தடவை சொல்லும்போது யாரும் முழக்கத்தைக் கேட்பதில்லை. சின்ன வரி, ஒரே தாளம், திரும்பத் திரும்ப. பத்தாவது தடவையில் அது காதை விட்டு உடம்புக்குப் போய்விடும், பிறகு ஆள் மறந்தாலும் உடம்பு மறக்காது. இதைப் புதுத் தோழர்களுக்கு வகுப்பெடுத்தவர் அவர். ஆயிரம் பேருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். இவளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான், சத்தத்தை அடை.

விளம்பரம் முடிந்ததும் அவள் வாய் மூடிக்கொண்டது. அவரைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் ஒரு திகைப்பு இருந்தது, தன் வாயிலிருந்து வந்ததைத் தானே பிடிக்க முடியாத திகைப்பு. ஏதோ சொல்ல வந்தாள். த, என்றாள். த, த. கழுத்து நரம்பு புடைத்தது. கைக்கெட்டின கதவு சாத்திக்கொள்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. வழி ஒன்று கிடைத்தால் அன்றைக்கே பிடித்துக்கொள்ள வேண்டும், நீங்கள் பாதி, அவர்கள் பாதி, விடவே கூடாது என்று பெனசீர் சொல்லியிருந்தாள். சரி, எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். எடுத்துக் கொடுப்பதுதானே பிறந்ததிலிருந்து தொழில். அலச அலச என்று தொடங்கினார். வெளுக்குது என்று அவரே சொன்னார். அப்புறம். அப்புறம் அம்மா, அது சரி, ராகம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, வெண்முத்து இரண்டு தடவையா மூன்று தடவையா. அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பாட்டைப் பிடிக்கவில்லை. இந்தச் சிங்காநல்லூரில் நாலு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த பாட்டு. கோகிலாவுக்குத் தெரியும். காய்கறி வண்டிக்காரனுக்குத் தெரியும். மனைவிக்கு வாய் வர வேண்டிய நேரத்தில் நஞ்சப்பன் ஒருத்தருக்குத்தான் தெரியாது, அவர்தான் இருபது வருஷம் ஜாக்கிரதையாக இருந்தார். நாடகம் மறுபடியும் ஓடியது. மாமியார் அழுதாள், மகன் அழுதான், வக்கீல் வந்தார். நஞ்சப்பன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வாழ்நாளில் முதல் தடவையாக, விளம்பரம் வரட்டும், விளம்பரம் வரட்டும் என்று வேண்டிக்கொண்டார். யாரிடம் வேண்டிக்கொள்கிறோம் என்று தெரியவில்லை.

வந்தது. மறுபடியும் எண்ணெய், மறுபடியும் கார், நீல வானம். அவர் முகத்தைத் திருப்பவில்லை, கேள்வி கேட்கவில்லை, பள்ளிக்கூடத்துப் பையன் கரும்பலகையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவள் பாடினாள், அவர் உதட்டை மட்டும் அசைத்து அவளோடு போனார், தடுக்கி விழுந்து, பிடித்துக்கொண்டு, கடைசிக் குழைவுவரை. பிறகு பெட்டியை அணைத்துவிட்டு அவள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தார். அலச அலச என்று தொடங்கினார். மில் வாசலுக்கான குரல் வந்துவிட்டது. அவள் தோள் அதிர்ந்தது. குரலைத் தணித்தார். அறைக்குள் பேசுகிற அளவுக்குத் தணிப்பது எவ்வளவு சிரமமாக இருக்கிறது. அலச அலச. நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ வாளியை வைத்தார்கள். வெளுக்குது, என்றாள் மயிலாத்தாள். பெட்டி பாடவில்லை, அவளாகச் சொன்னாள். அவருக்குக் கண் மங்கியது. அடுத்த வரி, அடுத்த வரி, விடக்கூடாது. வாயைத் திறந்தார். நாற்பது வருஷப் பழக்கம் நாக்கில் உட்கார்ந்திருந்ததோ, அவர் நினைக்கவே இல்லை, ராகம் பிசகாமல் அது வந்து விழுந்தது: "முதலாளி முகமும் சிரிக்குது."

மயிலாத்தாள் அவரைப் பார்த்தாள். இடது கை நாற்காலியிலிருந்து எழுந்து அவர் தோளில் தட்டியது, பலமாகவே.

"இல்ல," என்றாள்.

அது பாட்டில் இல்லாத சொல். எந்தப் பெட்டியிலிருந்தும் வந்த சொல் இல்லை. என்ன சொன்னாய் என்று அவர் கேட்க நினைத்துக் கேட்கவில்லை, கேட்டால் போய்விடுமோ என்று. அவளுக்குப் பொறுமை இல்லை. நெற்றி சுருங்கியது, வாயின் இறங்கின பக்கம் துடித்தது, தேடினாள், பிடித்தாள்.

"இல்ல. அம்மா."

இத்தனை வருஷத்தில் அவள் அவரை எதிர்த்துச் சொன்ன முதல் சொல் அதுதானா என்று யோசித்தார். நினைவுக்கு வேறெதுவும் வரவில்லை. நஞ்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, அடியிலிருந்து மறுபடியும் தொடங்கி, இன்னொரு 'இல்ல'வுக்காக அவள் வாயையே பார்த்தபடி, முதலாளி என்றே பாடினார்.